துறைக்கு வரும்போது அணைந்த விளக்குகள்

நிரஞ்சினி கையெழுத்துப் போட மறுத்த முதல் தாள், மெல்பேர்ணின் கிளேட்டன் பகுதியில் அவர் வேலை செய்யும் பட்டறையின் இரண்டாவது இழுப்பறையில் இப்போதும் கிடக்கிறது. ‘இந்த இருபத்துநான்கு விளக்குகளும் என்னால் செய்யப்பட்டவை, என்னால் சோதிக்கப்பட்டவை, வேலைக்கு ஏற்றவை’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. கீழே ஒரு கோடு. கோட்டின் மேல் பேனா பட்ட தடம்கூட இல்லை.

அந்தக் கோட்டை வெறுமையாக விட்டதால் அவருடைய வேலை போயிருக்கலாம். நாற்பத்துநான்கு வயது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய விசா. அந்த விசாவில் இருக்கிறவருக்கு வேலை போனால் அரசாங்கக் கொடுப்பனவு எதுவும் கிடையாது. அடுத்த தடவை படிவம் நிரப்பும்போது, இப்போது என்ன தொழில் என்று கேட்கும் கட்டத்தில் எழுதவும் எதுவும் இராது. இதெல்லாம் தெரிந்துதான் அவர் பேனாவை மூடி வைத்தார்.

அந்தப் பட்டறையில் செய்வது மின்விளக்குதான், ஆனால் கடையில் வாங்குகிற மாதிரியானது அல்ல. நூற்றிருபது, நூற்று முப்பது வருடங்களுக்கு முன் எரிந்த மாதிரி. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழுக்குள் கரியாலான ஒரு மெல்லிய இழை. அதில் மின்சாரம் போனால் அது தணல்போலச் சிவந்து, பிறகு மஞ்சளாக ஒளிரும். அருங்காட்சியகங்களும், பழைய ரயில் பெட்டிகளைப் புதுப்பிக்கிறவர்களும், நூற்றாண்டு கண்ட நாடக மண்டபங்களும் அந்த ஒளிதான் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். பட்டறைக்காரர் ஆனந்தராஜா, எண்பத்தேழில் மெல்பேர்ணுக்கு வந்த பொறியியலாளர். மூடப்பட்ட விளக்குத் தொழிற்சாலை ஒன்றின் பம்புகளையும் அடுப்பையும் ஏலத்தில் வாங்கி, ஆசைக்குத் தொடங்கியது இந்த வேலை. நிரஞ்சினியை அவர் முதலில் எடுத்தது தரை கூட்டத்தான்.

மூன்று மாதம் கூட்டினார். குப்பைக்குள் போகும் உடைந்த விளக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் போடுவார். ஒருநாள் ஆனந்தராஜா கவனித்தார்.

“என்ன பிள்ளை பாக்கிறாய்?”

“இதுகள் எல்லாம் ஒரே இடத்தில அறுந்திருக்கு அண்ணை. அடியில, அந்தக் கறுப்புப் பசை ஒட்டின இடத்தில. உங்கட ஆள் பசையைக் காய விடாமல் அடுப்புக்குள்ள வைக்கிறார்.”

அது உண்மையாக இருந்தது. அடுத்த வாரம் தரை கூட்டும் தும்புத்தடி வேறொருவர் கைக்குப் போனது.

அறுந்த இழையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு ஒன்பது வயதில் வந்தது. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது பல்ப்பும் பற்றரியும் வருகிற வழியும் நின்றன. சைக்கிள் முன் விளக்கின் சின்னப் பல்ப் இழை அறுந்துபோனால் புதிது வாங்க முடியாது. நிரஞ்சினி பல்ப்பை வெயிலில் பிடித்து, மெல்லச் சரித்து, அறுந்த இரண்டு நுனிகளையும் ஒன்றின் மேல் ஒன்று விழவைப்பார். அண்ணன் டைனமோவைச் சுற்றுவார். நுனிகள் தொட்ட இடம் பொறிந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இழை நீளம் குறைந்துபோவதால் முன்பைவிடக் கூடுதலாக எரியும். ஆனால் அதிக நாள் இராது. எந்தப் பல்ப் ஒட்டும், எது ஒட்டாது என்று அறுந்த இடத்தைப் பார்த்தே சொல்ல அவர் பழகிக்கொண்டார். அக்கம்பக்கத்தவர்கள் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சிலருக்கு ‘இது சரிவராது’ என்று திருப்பிக் கொடுப்பார். கெஞ்சினாலும் கை வைக்க மாட்டார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கடலால் வந்தார். இருபத்தொரு நாள். கடலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பல்ப்பைப் பற்றிக் கேட்டால் சொல்வார். படகின் அடித்தட்டில், எஞ்சினுக்கு மேலே, ஒரே ஒரு பல்ப் தொங்கியதாம். அது மூன்று தடவை செத்தது. மூன்று தடவையும் ஒட்டினார். நாலாவது தடவை கண்ணாடியே வெடித்துவிட்டது. பிறகு கிறிஸ்மஸ் தீவு, பிறகு சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாம், பிறகு மெல்பேர்ண். அகதி வழக்கு ஒருதடவை தோற்றது. அதன் பிறகு ஆறு மாதம், ஆறு மாதமாக விசா. வந்து பதின்மூன்று வருடம்.

விளக்கு செய்வதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏலத்தில் வந்த பெட்டிக்குள் பழைய கைந்நூல் ஒன்றின் பிரதி இருந்தது. படங்களைப் பார்த்துச் செய்தார். பிறகு எழுத்தைக் கூட்டி வாசித்தார். பஞ்சை அமிலம் போன்ற ஒரு கரைசலில் கூழாக்க வேண்டும். அந்தக் கூழை ஊசித் துளையால் அழுத்தி, நூலாக இழுக்க வேண்டும். நூலை அச்சில் வளைத்து, கரித்தூளுக்குள் புதைத்து, அடுப்பில் சுட்டால் கறுத்த மயிர்போல இழை வரும். அதைக் கண்ணாடித் தண்டில் ஏற்றிக் குமிழுக்குள் வைத்து, காற்றை எடுத்து, நுனியை உருக்கி மூட வேண்டும். இப்படி முந்நூற்று எழுபது விளக்குகள் பழுதாய்ப் போன பிறகுதான் முதல் நல்ல விளக்கு எரிந்தது. பழுதான ஒவ்வொன்றும் ஏன் பழுதானது என்று ஒரு கொப்பியில் எழுதியிருக்கிறார். ‘தெரியவில்லை’ என்று எழுதியவை பதினொன்று. அந்தப் பதினொன்றையும் எறியாமல் வைத்திருக்கிறார்.

சிட்னியிலிருந்து அந்த வேலை வந்தது போன வருடம். ஆர்வலர் குழு ஒன்று பழைய நீராவிப் படகு ஒன்றைத் திருத்தி மறுபடி ஓட விட்டிருந்தது. பயணிகள் இருக்கும் பெரிய அறைக்கு, படகு கட்டிய காலத்தில் இருந்த மாதிரியே இருபத்துநான்கு விளக்குகள் வேண்டும். அந்தக் காலத்து விளக்கு ஒன்று படகின் அலமாரியில் கிடைத்திருந்தது. அதைப் பார்த்து வரைபடம் வரைந்து அனுப்பியவர் பார்கவி. சிட்னியின் கெல்லிவில்லில் இருப்பவர், சொந்த ஊர் திருச்சி, பழம்பொருள் பாதுகாப்பில் தேர்ந்தவர். படகில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்று சான்று கொடுக்கும் பொறுப்பும் அவருடையது.

நிரஞ்சினி வரைபடத்தில் இருந்தபடியே செய்தார். மேசையில் வைத்து இருநூறு மணி நேரம் எரித்தார். ஒன்றும் போகவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மூன்று வாரத்தில் ஒன்பது விளக்குகள் செத்துவிட்டன.

குழுவின் கடிதத்தை ஆனந்தராஜா குசினி மேசையில் வைத்து வாசித்தார். பட்டறையின் பின் அறையில் ஒரு கேத்திலும் மூன்று கதிரையும் இருப்பதால் அதற்குக் குசினி என்று பெயர்.

“கைவேலை சீரில்லை எண்டு எழுதியிருக்கினம். இன்னுமொரு இருபத்துநாலு கேக்கினம். செய்து குடுப்பம் பிள்ளை, விடு.”

“செத்ததுகளை அனுப்பச் சொல்லுங்கோ.”

“ஏன்? திரும்ப ஒட்டப் போறியோ?”

“ஏன் செத்தது எண்டு தெரியாமல் நான் இன்னொண்டு செய்ய மாட்டன். எப்ப எப்ப செத்தது எண்டும் எழுதித் தரச் சொல்லுங்கோ. நேரத்தோட.”

“படகு ஓட்டுறவைக்கு அதுதான் வேலையோ?”

“கேட்டுப் பாருங்கோ.”

கேட்டார்கள். ஆர்வலர்கள் என்பதால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிற ஆட்களாக இருந்தார்கள். பெட்டியோடு ஒரு தாளும் வந்தது. நிரஞ்சினி ஒன்பது விளக்குகளையும் வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கினார். எரிந்து சாகிற விளக்கு நடுவில், சூடு கூடிய இடத்தில் அறும். கண்ணாடியும் உள்ளே கறுத்துப்போகும். இவற்றின் கண்ணாடி தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. ஒன்பதும் அடியில், தண்டோடு சேர்கிற இடத்தில் அறுந்திருந்தன. பசை நன்றாகக் காய்ந்தே இருந்தது. அப்படி அறுவது எரிந்து அல்ல, ஆடி.

பிறகு தாளைப் பார்த்தார். ஒன்பதும் செத்தது படகு துறையை நெருங்கிக்கொண்டிருந்தபோது. வேகமாகப் போகையில் ஒன்றுகூட இல்லை. கட்டி நிற்கும்போதும் ஒன்றுகூட இல்லை. அவர் அந்தத் தாளை வெகுநேரம் வைத்துக்கொண்டு இருந்தார். இருபத்தொரு நாள் படகில், எஞ்சின்காரர் விசையைக் குறைத்த போதெல்லாம்தான் அந்த ஒற்றைப் பல்ப் செத்தது. அன்றைக்கு அதைக் கவனித்திருந்தார், ஆனால் ஏன் என்று கேட்க அப்போது மனதில் இடம் இருக்கவில்லை.

டண்டினோங்கில் அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர் தாரகா, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தாரகா உடுப்புத் தோய்க்கும் மெஷினைப் போட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தால், அதன் மூடியில் விளக்கு ஒன்று ஒட்டுநாடாவால் கட்டப்பட்டிருந்தது. பின்னால் வெள்ளைக் கடதாசி. முன்னால் நிரஞ்சினி முழங்காலில்.

“அக்கா, என்ன செய்யிறியள்?”

“கொஞ்சம் பொறு. பிழியிறதுக்கு இன்னும் எத்தினை நிமிசம்?”

“உள்ளுக்க என்ர யூனிஃபோம் கிடக்கு. நாளைக்கு வேணும். ஏதும் வெடிக்குமோ?”

“கரண்டே குடுக்கேல்ல. ஆட்டத்தை மட்டும்தான் பாக்கிறன்.”

மெஷின் பிழியத் தொடங்கியது. வீடே அதிர்ந்தது. விளக்குக்குள் இழை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தாரகாவும் குனிந்து பார்த்தார்.

“ஒண்டும் ஆகேல்லையே. நல்ல பல்ப்தான்.”

“பொறு எண்டுறன்.”

சுற்று முடிந்து மெஷின் வேகம் குறைந்தது. குறைந்து குறைந்து வரும்போது ஒரு கட்டத்தில் இழை திடீரென்று கயிற்றில் ஊஞ்சல் ஆடுவதுபோல வீசி ஆடியது. குமிழின் சுவரில் போய் இடித்தது. மூன்று நான்கு நொடி. மெஷின் இன்னும் மெதுவானதும் ஆட்டம் நின்றுவிட்டது.

“ஐயோ!” என்றார் தாரகா.

“இதுதான்,” என்றார் நிரஞ்சினி. “கெதியா ஆட்டினா அது தாங்கும். தனக்கு ஏற்ற வேகத்தில ஆட்டினா செத்துப் போகும். வெளிக்கிடேக்க படகு அந்த வேகத்தை டக்கெண்டு தாண்டிடும், துறைக்கு மெதுவாகேக்க அதுக்குள்ளால ஆறுதலாப் போகுது.”

“அப்ப படகை மெதுவாக்காமல் விடச் சொல்லுங்கோ.”

“துறையில போய் இடிக்கும்.”

“உங்களுக்கு என்ன, பல்ப் தப்பும்தானே.”

அன்றைக்கு அந்த யூனிஃபோம் ஆறு தடவை பிழியப்பட்டது.

வழி ஒன்றுதான் இருந்தது. ஆடுகிற இழையை உச்சியில் ஏதாவது பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தண்டின் நுனியில் ஒரு சின்னக் கண்ணாடி மொட்டு வைத்து, அதில் மெல்லிய கம்பி ஒன்றை ஊன்றி, கம்பியின் முனையைக் கொக்கியாக வளைத்து, இழையை அதற்குள்ளால் விடுவது. சொல்ல ஒரு வரி. செய்ய ஐந்து வாரம். கொக்கி இறுக்கமாக இருந்தால், விளக்கு அணைந்து இழை ஆறிச் சுருங்கும்போது அறுந்தது. தளர்வாக இருந்தால் இழை கொக்கிக்குள் கிடந்து தட்டுப்பட்டுத் தேய்ந்தது. கம்பி தடித்தால் சூட்டை இழுத்து, இழையின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. பதினேழு விளக்குகள் போயின. பதினெட்டாவது, தாரகாவின் மெஷினில் நாற்பது தடவை சுற்றி இறங்கியும் உயிரோடு இருந்தது. கொப்பியில் ‘சரி’ என்று எழுதினார். அந்தக் கொப்பியில் அந்தச் சொல் மிகக் குறைவு.

விளக்கின் படத்தைப் பார்த்தவுடன் பார்கவி மெல்பேர்ணுக்கு விமானம் ஏறி வந்துவிட்டார். அதுவரை மின்னஞ்சலில் மட்டும் பேசிய இருவரும் பட்டறைக் குசினியில் நேருக்கு நேர் இருந்தார்கள். ஆனந்தராஜா தேத்தண்ணி ஊற்றினார், யாரும் குடிக்கவில்லை.

“நிரஞ்சினி, வேலை ரொம்ப அழகா இருக்கு. அதுல சந்தேகமே இல்லை. ஆனா இந்தக் கொக்கி ஒரிஜினல்ல கிடையாது. எங்க விதி என்னன்னா, பழசு எப்படி இருந்துதோ அப்படியே இருக்கணும். அதை விட நல்லா இருக்கக் கூடாது.”

“நல்லா இருக்கக் கூடாதோ?”

“கேக்க வேடிக்கையா இருக்கும். ஆனா நாளைக்கு அதைப் பாக்கிறவங்க, அந்தக் காலத்துல இப்படித்தான் செஞ்சாங்கன்னு நம்புவாங்க. அது பொய் இல்லையா?”

நிரஞ்சினி அந்தக் கேள்வியை மதித்தார்.

“பொய்தான்,” என்றார். “ஆனா நான் ஒண்டு கேக்கிறன். அந்தப் படகு அந்த நாளில ஒரு நாளைக்கு எத்தினை தரம் துறைக்கு வந்திருக்கும்?”

“இருபது, முப்பது தடவை.”

“உங்கட வரைபடத்தின்படி விளக்கு செய்திருந்தா, கிழமைக்கு மூண்டு செத்திருக்கும். செய்தவைக்கு முறைப்பாடு போயிருக்கும். அவை என்ன, வாயைப் பாத்துக்கொண்டு இருந்திருப்பினமோ? அந்தக் காலத்து ஆக்கள் எல்லாம் மடையர் எண்டு ஆர் சொன்னது?”

“நான் அப்படிச் சொல்லலை.”

“உங்கட வரைபடம் சொல்லுது.”

ஆனந்தராஜா கதிரையில் நெளிந்தார். “பிள்ளை, அவ படிச்சவ. விதி எண்டு ஒண்டு இருக்குத்தானே. நீ என்ன, எடிசனோ?”

“அப்ப எடிசன் வந்து கையெழுத்துப் போடட்டும்.”

பார்கவி சிரித்துவிட்டார். நிரஞ்சினி சிரிக்கவில்லை. முதல் தாளை மேசையில் வைத்தார். வரைபடத்தின்படி புதிதாகச் செய்ய வேண்டிய இருபத்துநான்குக்கும் அவர் போட வேண்டிய உறுதிமொழி.

“மேசையில வைச்சு எரிச்சா இது எரியும். அதுக்கு நான் கையெழுத்து வைக்கலாம். வேலைக்கு ஏற்றது எண்டும் எழுதியிருக்கு. அதுக்கு மாட்டன். ஒருக்காப் போட்டன், ஒன்பது செத்தது. தெரியாமல் போட்டது அது. இப்ப எனக்குத் தெரியும்.”

“நான் போடுறன்,” என்றார் ஆனந்தராஜா, களைத்த குரலில்.

“போடுங்கோ அண்ணை. உங்கட பட்டறை. ஆனா ‘என்னால் செய்யப்பட்டவை’ எண்டும் கிடக்கு. நான் செய்யப் போறேல்ல. நீங்கள்தான் செய்ய வேணும்.”

ஆனந்தராஜா ஒரு விளக்கும் செய்து முடித்ததில்லை என்பது மூவருக்கும் தெரியும்.

“வேலையை விட்டு நிப்பாட்டினா என்ன செய்வாய்?” அவர் கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே பயந்து கேட்டார்.

“திரும்பக் கூட்டுவன். வேற எங்கையாவது.”

நிரஞ்சினி பார்கவியின் பக்கம் திரும்பினார்: “அந்தப் பழைய விளக்கு எங்க?”

“சிட்னில, பெட்டகத்துல. போட்டோ இருக்கே, பாக்கலையா?”

“போட்டோவில தண்டு நுனியில ஒரு சின்ன மொட்டு தெரியுது. உங்கட வரைபடத்தில அது இல்லை.”

“அது கண்ணாடி செய்யறப்போ வந்த குறை. ஒரு துளி உருகி ஒட்டியிருக்கு. குறையை எல்லாம் வரையிறதில்லை.”

“நான் நாலாயிரம் தண்டு செய்திருப்பன். உருகி வழிஞ்சா கீழ வழியும். மேல போய் நுனியில குந்தாது. விளக்கைக் கொண்டு வாங்கோ. அதில ஒண்டும் இல்லையெண்டா நான் உங்கட மாதிரியே செய்து, கையெழுத்தும் போட்டு, பிழை கேட்டுக் கடிதமும் எழுதுறன்.”

பார்கவி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். “என்னை நம்பலையா நீங்க?”

“உங்களை நம்புறன். அதாலதான் கொண்டு வரச் சொல்லுறன். நம்பாட்டி நான் வந்து பாத்திருப்பன்.”

பத்து நாள் கழித்துப் பார்கவி வந்தார். பஞ்சு வைத்த பெட்டியை விமானம் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். கையுறையும் இரண்டு சோடி கொண்டு வந்திருந்தார். ஒரு சோடியை நிரஞ்சினியிடம் நீட்டினார்.

அந்த விளக்கின் கண்ணாடி உட்புறம் புகை படிந்ததுபோல் கறுத்திருந்தது. நிரஞ்சினி அதை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, பக்கத்திலிருந்து ஒரு சின்ன ஒளியைப் பாய்ச்சினார். மொட்டு தெரிந்தது. மொட்டின் நடுவில் ஊசி முனை அளவில் ஏதோ மினுங்கியது. அவர் எழுந்து பார்கவிக்கு இடம் விட்டார்.

பார்கவி வெகுநேரம் பார்த்தார்.

“உலோகம்,” என்றார்.

“ஓம். முறிஞ்ச கம்பியின்ர அடி. இப்ப விளக்கைச் சரிக்கப் போறன். மெதுவா. கீழ கிடக்கிற தூளைப் பாருங்கோ.”

அறுந்த பல்ப்பைச் சரிப்பதற்கு அந்தக் கைக்கு முப்பத்தைந்து வருடப் பழக்கம். குமிழின் கழுத்தில் கிடந்த கரித்துண்டுகள் நகர்ந்தன. அவற்றோடு ஒரு சின்னக் கம்பித் துண்டும் உருண்டு வந்து வெளிச்சத்தில் நின்றது. நாலு மில்லிமீற்றர் இருக்கும். ஒரு முனை முறிந்திருந்தது. மறு முனை கொக்கியாக வளைந்திருந்தது.

“இதை நான் பாத்தேன்,” என்றார் பார்கவி. குரல் தாழ்ந்திருந்தது. “இழையோட துண்டுன்னு நினைச்சேன். குறிப்புல அப்படித்தான் எழுதினேன்.” கையுறையைக் கழற்றினார். “வரைபடத்தை அழகா வரையணும்னு... குறைன்னு நினைச்சதைத் துடைச்சிட்டேன். தப்பு என் மேலதான்.”

நிரஞ்சினி மறுபடியும் குனிந்து அந்தக் கொக்கியைப் பார்த்தார். அவருடைய கொக்கி ஒரு சுற்றில் முடியும். இது ஒன்றரைச் சுற்று. அரைச் சுற்று கூடியதால் இழை நழுவாது, தளர்வாகவும் விடலாம்.

“என்னைவிடக் கெட்டிக்காரி,” என்றார்.

“யாரு?”

“இதை வளைச்சவ. இந்த இழை ஏத்துற வேலையெல்லாம் பொம்பிளையளுக்குத்தான் குடுத்தவை எண்டு அந்தக் கைந்நூலில படம் கிடக்கு. பேர் ஒண்டும் இல்லை. வரிசையா இருந்து வேலை செய்யினம்.”

அந்த மாதமே எல்லா விளக்குகளையும் ஒன்றரைச் சுற்றுக் கொக்கியோடு செய்தார். மெஷினில் எட்டு விளக்குகளை நூறு தடவை சோதித்தார். தாரகா வாடகையில் தன் பங்குத் தண்ணீர்க் காசைக் குறைக்கச் சொல்லிப் பகிடி பண்ணினார். பிறகு இரண்டாவது தாள் வந்தது. கொக்கியைக் குழு ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் ‘மாற்றத்தின் தன்மை’ என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: நிரந்தரம், தற்காலிகம். தற்காலிகம் என்பதில் சரி அடையாளம் போட்டிருந்தது. ஒரே ஒரு விளக்கை வைத்து முடிவெடுக்க முடியாது, ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை என்று பக்கத்தில் குறிப்பு.

அதே கிழமைதான் நிரஞ்சினியின் விசாக் கடிதமும் வந்திருந்தது. அதுவும் ஆறு மாதம்.

“போடு பிள்ளை,” என்றார் ஆனந்தராஜா. “நீ கேட்டதெல்லாம் வந்திட்டுது. ஒரு சொல்லுத்தானே.”

“அந்தச் சொல்லுக்குள்ள நான் பதின்மூண்டு வருசம் இருக்கிறன் அண்ணை. எனக்கு அதின்ர நீள அகலம் தெரியும்.”

“அது உனக்கு. இது பல்ப்புக்கு.”

“பல்ப்புக்கு என்ன குறை? இந்தக் கொக்கி நூறு வருசத்துக்கு முன்னமே இருந்தது. அதுக்குப் பிறகு வந்தது உவையின்ர குழு. ஆர் தற்காலிகம்?” தாளைத் திருப்பி வைத்தார். “எனக்காகச் சொல்லேல்ல. என்ர விசாவில நான் சொல்லி ஒண்டும் மாறாது. இதில மாறும். பார்கவிக்கு எழுதுங்கோ: படகில வைச்சுப் பாக்கட்டும், நானும் வாறன். ஒண்டு செத்தாலும் அந்தச் சொல்லுக்குக் கீழ கையெழுத்துப் போடுறன். சாகாட்டி அவ அதை வெட்ட வேணும்.”

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அந்தப் படகு சிட்னித் துறைமுகத்தில் இறங்கியது. வானம் மூடியிருந்ததால் விளக்குகள் பகலிலேயே நன்றாகத் தெரிந்தன. இருபத்துநான்கும், பழுப்பேறிய மஞ்சளில், மரச் சுவரில் எண்ணெய் தடவியதுபோல் ஒளி விழுத்தின. குழுவினர் பதினைந்து பேர் கேக்கும் கோப்பியுமாக நின்றார்கள். நிரஞ்சினி கேக்கைத் தொடவில்லை. அறையின் நடுவில் ஒரு நீள மர வாங்கில் இருந்து, தலையை நிமிர்த்தி, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். படகில் ஏறும்போது மட்டும் ஒரு கணம் தயங்கிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததைப் பார்கவி கண்டார்.

பால்மெயின் துறை நெருங்கியது. மணி அடித்தது. எஞ்சினின் மூச்சு குறைந்தது. பலகைகள் அதிரத் தொடங்கின. கோப்பைகள் தட்டில் நடுங்கின. விளக்குகளுக்குள் இழைகள் சிலிர்த்தன. கொக்கிகள் பிடித்துக்கொண்டன. படகு துறையில் உரசி நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். பார்கவி தாளை எடுத்தார்.

“இல்லை,” என்றார் நிரஞ்சினி. “ஓட்டுறவர் வேகத்தை டக்கெண்டு குறைச்சிட்டார். இன்னொருக்கா வரச் சொல்லுங்கோ. மெதுவா.”

பார்கவி போய்ச் சொன்னார். மாலுமி தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துவிட்டுப் படகைத் திருப்பினார். இரண்டாவது தடவை வந்தார்கள்.

“இன்னும் மெதுவா. அந்த அதிர்வு வரேக்க அப்பிடியே பிடிச்சு வைச்சிருக்கச் சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

“நிரஞ்சினி, அது படகுக்கே நல்லதில்லையாம்.”

“ஒரு நிமிசம். படகு செத்துப் போகாது.”

மூன்றாவது தடவை மாலுமி அந்த வேகத்தைப் பிடித்து வைத்தார். அறை முழுவதும் பற்கள் கிடுகிடுப்பதுபோல நடுங்கியது. ஒருவருடைய கேக் தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. எல்லோரும் இப்போது மேலேதான் பார்த்தார்கள். நிரஞ்சினியின் உதடு அசைந்தது. அவர் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அறுபது வந்தது. அதன் பிறகும் எண்ணினார். தொண்ணூறில் கையை உயர்த்தினார்.

எஞ்சின் நின்றது. இருபத்துநான்கும் எரிந்தன.

பார்கவி தாளை வாங்கின் மேல் வைத்து, ‘தற்காலிகம்’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். போதாது என்று இன்னொரு கோடும் இழுத்தார். மற்றக் கட்டத்தில் சரி அடையாளம் போட்டு, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தை எழுதினார். குழுத் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பார்கவி நிமிர்ந்து பார்க்காமலே, சான்று தன்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நிரஞ்சினி அந்தத் தாளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். வாசித்து முடிக்கும்வரை எல்லோரும் நின்றார்கள். பிறகு கோட்டின் மேல் தன் முழுப் பெயரையும் எழுதினார், தமிழில். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னொருக்கா விடச் சொல்லுங்கோ,” என்றார்.

“இன்னும் என்ன சோதனை?”

“சோதனை முடிஞ்சுது. இது சும்மா பாக்க.”